கொடுத்த கணக்கு, வளர்ந்த கணக்கு

ஐந்து ஏடுகள். ஐந்தும் மெய்யே பேசுகின்றன. ஆயினும் ஐந்தையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், பெரும்பொய் ஒன்று எழுந்து நின்று நம்மைப் பார்த்து நகைக்கிறது!

புதிர் போடவில்லை, தோழர்களே! நாம் பாடம் சொல்லும் பள்ளியிலே, நான்காம் வகுப்பிலே, முன்வரிசையிலே அமர்ந்திருக்கும் ஒரு சிறுமியின் கதை இது. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். அத்தகைய சிறுமி இல்லாத ஊர்தான் எது? வயது ஒன்பது, உயரமோ ஏழு வயதுக் குழந்தையின் உயரம். காலை பத்து மணிக்கே கண்கள் சொருகும். கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் தலை கவிழ்ந்திருக்கும். சோம்பல் என்று எண்ணினோம்; கடிந்துகொண்டோம். ஒருநாள், எழுந்து நில் என்றோம். நின்றாள். நின்றவள், சரிந்தாள்.

அன்றுதான் ஏடுகளைத் தேடிப் புறப்பட்டோம்.

சத்துணவு அமைப்பாளர் தம் ஏட்டைப் புரட்டிக் காட்டினார். நாள்தோறும் அவள் பெயருக்கு நேரே குறி இருந்தது. காலையில் சிற்றுண்டி, நண்பகலில் சோறு, சோற்றோடு முட்டை. கொடுத்தது உண்மை, உண்டதும் உண்மை. பள்ளிக்கு வந்து சென்ற மருத்துவக் குழுவின் ஏட்டிலே, “இரத்த சோகை, மேல் மருத்துவத்திற்குப் பரிந்துரை” என்று தெளிவாக எழுதியிருந்தது. அங்கன்வாடியின் பழைய ஏட்டிலே, அவள் கைக்குழந்தையாய் இருந்தபோதே எடை குறைந்திருந்தது என்பதற்குச் சான்று இருந்தது. ஐந்து வயது நிறைந்ததும், “பள்ளிக்குச் சென்றுவிட்டாள்” என்று பெயரின்மீது கோடு விழுந்திருந்தது. ஊராட்சி ஏட்டிலே, அவள் வாழும் குடியிருப்புக்குக் குழாய் போட்டாயிற்று, தொட்டி கழுவியாயிற்று. ஐந்தாவது ஏடு நம்முடையது: வருகைப் பதிவேடு. சரிந்து விழுந்த அன்றும் அவள் பெயருக்கு நேரே நாம் எழுதியிருந்தது, ‘வருகை’!

தாயைக் கண்டோம். “சீட்டு குடுத்தாங்க சார். பெரியாஸ்பத்திரிக்குப் போனா அன்னிக்குக் கூலி போச்சு. ரெண்டு வாட்டி வரச் சொல்வாங்க. சின்னதுக்கு என்ன குடுக்கறது?” என்றார் அந்த அம்மையார். குழாயில் நீர் வருவது மூன்று நாளைக்கு ஒருமுறை. கழிப்பறையின் கதவு பெயர்ந்து பல மாதமாயிற்று. உண்ணும் உணவில் பாதியைக் குடற்புழு உண்கிறது. மீதியைக் கொண்டு அவள் வளரவேண்டும்!

யாரும் திருடவில்லை. யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்துள்ளனர். ஆயினும் குழந்தை வளரவில்லை. அப்படியானால், குற்றவாளி யார்?

இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறோம். அறநூல்கள் பெரும்பாலும் தீயவன் செய்யும் தீமையைப் பற்றியே பேசுகின்றன. நல்லவர் பலர் கூடி, எவருமே தவறிழைக்காமல், ஒரு குழந்தையைக் குன்றவைக்கும் விந்தையை என்னென்பது? அதற்குத் தண்டனை எது? திருத்தம் எது?

*

பழைய உலகத்திடம் விடை ஒன்று ஆயத்தமாக இருக்கிறது. “அவள் வாங்கி வந்த வரம்!” என்று சொல்லி, வெற்றிலையை மடித்துக்கொள்ளும். விதியின்மீது பழியைப் போட்டுவிட்டால் வேலை எளிது. விதிக்கு அலுவலகமும் இல்லை, விளக்கம் கேட்டு ஓலை அனுப்பவும் முடியாது! அந்த வாதத்தோடு நாம் நெடுநேரம் மல்லாட வேண்டியதில்லை. ஒரே விதி, ஒரே ஊரில், ஒரே ஆண்டில், மேட்டுத்தெருவிலே நெட்டையாகவும் பள்ளத்தெருவிலே குட்டையாகவும் எழுதுமா என்று கேட்டாலே போதும். அது எழுந்து போய்விடும்.

அதைவிட ஆபத்தானது, அறத்தின் ஆடை உடுத்தி வரும் வேறொரு எண்ணம். அதற்குப் பெயர் ஈகை.

ஈகையை இகழ்வதா என்று பதறவேண்டாம். பசித்தவனுக்குச் சோறு போடுவது நன்று. ஆனால், ஈகையின் கணக்கு எவ்வாறு எழுதப்படுகிறது என்று பாருங்கள். அன்னதானம் முடிந்ததும் என்ன சொல்கிறார்கள்? “ஆயிரம் இலை விழுந்தது!” ஆயிரம் பேரின் பசி எத்தனை நாளைக்குத் தணிந்தது என்று எவரும் கேட்பதில்லை. கொடையாளியின் பெயர் கல்லில் ஏறும்; உண்டவனின் எடை எந்த ஏட்டிலும் ஏறாது. கோயில் மண்டபத்துக் குழல்விளக்கைக் கண்டிருப்பீர்களே! ‘உபயம்’ என்று தொடங்கி, தந்தை பெயர், தாத்தா பெயர், கடை பெயர் எல்லாம் எழுதி எழுதி, ஒளி வெளியே வர இடமில்லாமல் செய்துவிடுகிறார்கள். விளக்குக் கொடுத்தாயிற்று, வெளிச்சம்தான் வரவில்லை.

ஈகை, கொடுத்தவனை அளக்கிறது. நீதி, பெற்றவனை அளக்கவேண்டும். நம் பேச்சு முழுவதும் இந்த ஒரு வேற்றுமையைப் பற்றியதே.

அரசின் துறைகள் அன்னதானம் செய்யவில்லை. மக்கள் வரிப்பணத்தை மக்களுக்கே செலவிடுகின்றன. எனினும், கணக்கு எழுதும்போது அவை கொடையாளியின் மனத்தோடுதான் எழுதுகின்றன. “இத்தனை முட்டை கொடுத்தோம், இத்தனை மாத்திரை கொடுத்தோம், இத்தனை குழாய் போட்டோம்.” ஒவ்வொரு துறையும் தன் விளக்கில் தன் ‘உபயத்தை’ எழுதிக்கொள்கிறது. நம் ஐந்து ஏடுகளும் கொடுத்த கணக்குகளே. வளர்ந்த கணக்கு எழுதிய ஆறாவது ஏடு எங்கே?

*

மணிமேகலையின் கையில் அமுதசுரபி இருந்தது. அள்ள அள்ளக் குறையாத கலம். அதற்கு நிதியறிக்கை வேண்டாம், ஒப்பந்தப்புள்ளி வேண்டாம். காயசண்டிகையின் தீராப் பசியும் அதனால் தீர்ந்தது என்கிறது காப்பியம். கற்பனை என்றாலும், பசி தீர்ந்ததா என்று பார்த்துப் பாடிய கற்பனை. அதற்காகவே அதைப் போற்றலாம். ஆனால், நம் கையில் இருப்பது அமுதசுரபி அன்று. அரிசி ஒரு துறையிலிருந்து வரவேண்டும், மாத்திரை மற்றொன்றிலிருந்து, தண்ணீர் வேறொன்றிலிருந்து, பணமோ, இரண்டு அரசுகளிடமிருந்து. கலம் ஒன்று, ஊற்றும் கைகள் பல. இங்கேதான் சிக்கல் பிறக்கிறது.

இது இன்று நேற்றுப் பிறந்த சிக்கலும் அன்று. ஒரு நூற்றாண்டுக்கு முந்திய நிகழ்ச்சி ஒன்றைக் கேளுங்கள்.

1920ஆம் ஆண்டு. சென்னை மாநகராட்சியின் தலைவராக நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் வீற்றிருந்த காலம். ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க மன்றம் இசைந்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகலாகாது என்பது வரம்பு. ஓர் அணா! அந்த ஓர் அணா, மூடிக்கிடந்த பல வீட்டுக் கதவுகளைத் திறந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தது. வேறு சில பள்ளிகளுக்கும் திட்டம் பரவிற்று. பிறகு, 1925இல், தடை வந்தது. பிள்ளைகளுக்குப் பசி தீர்ந்துவிட்டதா? இல்லை. பணம் தீர்ந்துவிட்டதா? அதுவுமன்று. அன்றைய ஆங்கிலேய ஆட்சியின் கணக்கு விதி குறுக்கே நின்றது. தொடக்கக் கல்வி நிதி, கல்விக்கே உரியது. அதிலிருந்து உணவுக்குச் செலவிடுதல் ஒவ்வாது என்பது அதன் சாரம்.

எண்ணிப் பாருங்கள்! பசித்த பிள்ளைக்குக் கல்வி ஏறாது என்பது பாட்டிக்குத் தெரியும். கணக்கு ஏட்டுக்குத் தெரியாது. பிள்ளையின் வயிறும் மூளையும் ஒரே உடலில்தான் உள்ளன. ஏட்டிலோ அவற்றுக்கு வெவ்வேறு தலைப்பு! தலைப்பு மாறிப் பணம் போகக்கூடாது என்பதால், பசி மாறாமல் நின்றது.

அன்று விழுந்த சுவரைத் தாண்டியவர்களின் வரலாறே, பின்வந்த நம் உணவுத் திட்டங்களின் வரலாறு. காமராசர் 1956இல் பள்ளிப் பகலுணவைத் தமிழகமெங்கும் எடுத்துச் சென்றபோது, கல்வித்துறை இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராய்ச் சென்று மக்களைத் திரட்டினார். ஊரார் பங்கும் அரசின் பங்கும் ஒரே அடுப்பில் சேர்ந்தன. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1982 சூலைத் திங்கள் முதல் நாள், அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. கலைஞர் ஆட்சியில் 1989இல் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலைச் சிற்றுண்டி தொடங்கிற்று. ஒவ்வொரு முறையும் நடந்தது என்ன? “இது எந்தத் துறையின் வேலை?” என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, “இது என் வேலை” என்று மேலே இருந்த ஒருவர் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டதும், சுவர்கள் வழிவிட்டன.

இந்திய அளவில் அந்தச் சொல்லை நீதிமன்றம் சொல்லவேண்டியதாயிற்று. 2001இல் அரசின் கிடங்குகளிலே தானியம் மலைபோல் குவிந்திருந்தது. இராசத்தானத்தின் வறண்ட ஊர்களிலே மக்கள் பட்டினி கிடந்தனர். மக்கள் குடியுரிமைக் கழகம் வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு நவம்பர் 28 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது: அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு வேண்டும், குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டில் 200 நாள். 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கருணையாய் இருந்தது கடனாயிற்று. பிச்சைப் பாத்திரம் உரிமைச் சீட்டாயிற்று. மாபெரும் மாற்றம்! மறுப்பார் யார்?

ஆனாலும் அந்த உரிமையும் தட்டோடு நின்றுவிடுகிறது என்பதைக் காணத் தவறக்கூடாது. இத்தனை கலோரி கொடுத்தாயிற்றா என்றுதான் அது கேட்கிறது. குழந்தை வளர்ந்ததா என்று கேட்கவில்லை.

*

“சோறு போட்டால் வளராதா?” என்று கேட்பீர்கள். இங்கே அறிவியல் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கவேண்டும்.

கருவுற்ற நாள் தொட்டுக் குழந்தைக்கு இரண்டு வயது நிறையும்வரை உள்ள ஏறத்தாழ 1,000 நாள்களில்தான் உடலின் உயரமும் மூளையின் கட்டும் பெரும்பகுதி தீர்மானமாகின்றன. அந்நாளில் குன்றியதைப் பின்னாளில் முழுவதும் மீட்பது அரிது. நம் வகுப்புச் சிறுமி பள்ளி வாயிலை மிதித்தபோது அந்த 1,000 நாள் கழிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. நாம் போடும் முட்டை அவளுக்கு வலிமை தரும், வருகை தரும், படிக்கத் தெம்பு தரும். இழந்த உயரத்தை முழுதும் தராது. ஆகவே அவள் கதை பள்ளியில் தொடங்கவில்லை. அவள் தாயின் வயிற்றில், தாயின் தட்டில், தாயின் கூலியில், தாயின் திருமண வயதில் தொடங்கியது.

உலகப் புகழ்பெற்ற ‘லான்செட்’ மருத்துவ இதழ் 2013இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. தாய்ப்பாலூட்ட உதவுதல், இணை உணவு, சத்து மாத்திரை, கடும் ஊட்டக்குறைக்கு மருத்துவம் போன்ற பத்து நேரடி ஊட்டப் பணிகளை நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் கொண்டு சேர்த்தாலும், வளர்ச்சிக் குன்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் குறையும் என்பது அது. மீதி நான்கு பங்கு எங்கே இருக்கிறது? குடிநீரில், கழிப்பறையில், பெண்கல்வியில், உழவில், கூலியில், பெண்ணின் கையில் தங்கும் காசில்! அவையனைத்தும் ஊட்டச்சத்து என்ற பெயர்ப்பலகை இல்லாத அலுவலகங்களில் இருக்கின்றன.

இப்போது நம் அரசு அமைப்பைப் பாருங்கள். நடுவணரசிலே அங்கன்வாடி, மகளிர் மற்றும் குழந்தைகள் துறையிடம். பள்ளி உணவு, கல்வித் துறையிடம். தடுப்பூசியும் இரும்புச்சத்து மாத்திரையும் நலவாழ்வுத் துறையிடம். தானியம், உணவுத் துறையிடம். குடிநீரும் துப்புரவும் வேறொரு துறையிடம். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் தொடங்கியபோதே, ஆறு பணிகளில் மூன்று, அதாவது தடுப்பூசி, உடல்நல ஆய்வு, மேல் மருத்துவப் பரிந்துரை ஆகியவை, வேறு துறை வந்து செய்யவேண்டியவையாகவே வகுக்கப்பட்டன. பெயரிலே ஒருங்கிணைப்பு, பிறப்பிலேயே பிரிவினை!

பணத்தின் பாதையும் அவ்வாறே. பள்ளி உணவின் சமையற்செலவில் பெரும்பாலான மாநிலங்களுக்கு நடுவணரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. அங்கன்வாடி ஊட்ட உணவுக்குப் பாதிக்குப் பாதி. ஒரு பங்கு வந்தால்தான் மறு பங்கு அசையும். இரண்டும் சேரும்வரை குழந்தையின் வயிறு காத்திருக்குமா? அங்கன்வாடிக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய் என்று 2017இல் வகுத்தனர். பருப்பு விலை ஏறிற்று, எண்ணெய் விலை ஏறிற்று; அந்த 8 மட்டும் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றது. தெருமுனைத் தேநீருக்கும் பற்றாத தொகை!

துறைகள் கூடாமல் போவதற்கு அதிகாரிகளின் கெட்ட எண்ணம் காரணமன்று. அதைவிட நுட்பமான காரணம் ஒன்றுண்டு. குடிநீர்த் துறை ஒரு கோடி செலவிட்டு ஒரு சேரிக்குத் தூயநீர் தருகிறது என்று கொள்வோம். வயிற்றுப்போக்கு குறைகிறது, மருத்துவமனையின் செலவு மிச்சமாகிறது, பள்ளியிலே வருகை கூடுகிறது, இருபது ஆண்டுக்குப் பின் அந்தப் பிள்ளை கூடுதலாக ஈட்டுகிறது. இத்தனை நன்மையில் ஒன்றாவது குடிநீர்த் துறையின் ஏட்டில் ஏறுமா? அதன் ஏட்டில் ஏறுவது, செலவு ஒரு கோடி! செலவு ஒருவர் தலையில், பயன் மற்றவர் மடியில். ஆகவே, எல்லாருக்கும் நன்மை தரும் செலவு எவருக்கும் அவசரமில்லாத செலவாகிவிடுகிறது. நெல்லிடித்தவள் ஒருத்தி, பாராட்டுப் பெற்றவள் மற்றொருத்தி என்றால், உலக்கை எத்தனை நாள் ஓங்கும்?

*

“அதற்குத்தானே ஒருங்கிணைப்புக் குழு?” என்பீர்கள். ஆம், குழு உண்டு. மாவட்டத்திற்கு ஒன்று, மாநிலத்திற்கு ஒன்று, தில்லியில் ஒன்று. கூடுவார்கள், தேநீர் அருந்துவார்கள், தத்தம் கொடுத்த கணக்கைப் படிப்பார்கள், கலைவார்கள். ஐந்து ஏடுகளை ஒரே மேசைமீது அடுக்கினால் ஆறாவது ஏடு பிறந்துவிடுமா?

2018 மார்ச் 8 அன்று இந்திய அரசு போஷண் இயக்கத்தை இராசத்தானத்தின் சுஞ்சுனுவில் தொடங்கிற்று. துறைகள் கூடிச் செயற்படவேண்டும் என்பதே அதன் முழக்கம். வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதத்தை 2022க்குள் நூற்றுக்கு 25 ஆகக் குறைப்பது இலக்கு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2015-16இல் 38.4 ஆக இருந்தது, 2019-21இல் 35.5 ஆயிற்று. குறைந்தது உண்மை, இலக்கு எட்டாத் தொலைவில் நின்றதும் உண்மை. இரத்த சோகையோ, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே 58.6இலிருந்து 67.1 ஆக ஏறிற்று! தமிழ்நாட்டுக்கு வருவோம். முட்டையும் சோறும் முந்திக் கொடுத்த நம் நாட்டில், 2019-21இல், நூற்றுக்கு 25 குழந்தைகள் குன்றியவர்கள். 57 பேர் சோகை பிடித்தவர்கள். பெருமை பேசும் நாவு இந்த எண்களையும் சொல்லிப் பழகவேண்டும். பகுத்தறிவு என்பது பிறர் நம்பிக்கையை மட்டும் கேள்வி கேட்பதன்று. தன் பெருமையையும் கேள்வி கேட்பது.

வளர்ந்த கணக்கு எழுதவே முடியாதா? முடியும். நம் மண்ணிலேயே எழுதியிருக்கிறோம். 1980இல், உலக வங்கியின் கடனுதவியோடு, தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கிற்று. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைக்குக் கூடுதல் ஊட்டம்; ஏறியதும் நிறுத்தம்; மீண்டும் சரிந்தால் மீண்டும் ஊட்டம்; அதற்கும் மசியாவிட்டால் நலவாழ்வுப் பணியாளரிடம். அங்கே தராசுதான் தலைமை அதிகாரி! கடும் ஊட்டக்குறை குறைந்ததை மதிப்பாய்வுகள் எடுத்துக் காட்டின.

கடல்கடந்த சான்றும் ஒன்று உண்டு: தென் அமெரிக்காவின் பெரு நாடு. அங்கே ‘குவளைப் பால்’ முதலிய உணவுத் திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் நடந்தும், பெரும்பணம் கரைந்தும், வளர்ச்சிக் குன்றல் அசையவில்லை. 2006 தேர்தலின்போது, அறக்கட்டளைகளும் மக்கள் அமைப்புகளும் ஒன்றுகூடி, குடியரசுத் தலைவர் வேட்பாளர்களிடம் ஒரே ஒரு தாளை நீட்டின: 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே 5 ஆண்டுகளில் குன்றலை 5 புள்ளி குறைப்போம் என்று கையொப்பமிடுங்கள்! இட்டார்கள். வென்றவர் மறக்கவில்லை, மறக்க விடவுமில்லை. நிதி அமைச்சகமே முன்வந்தது. 2008 முதல், துறைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதை விட்டு, ‘குழந்தை வளரவேண்டும்’ என்ற விளைவின் பெயரிலேயே பணத்தை ஒதுக்கி, தடுப்பூசிக்கும் வளர்ச்சிக் கண்காணிப்புக்கும் ஏழை வட்டாரங்களுக்கும் முந்திச் செலுத்தினார்கள். 2007இல் 28க்கு மேல் இருந்த விகிதம் 2016இல் ஏறத்தாழ 13 ஆயிற்று. மந்திரமா? இல்லை, தலைப்பை மாற்றி எழுதிய கணக்கு! ஆயினும், அதே நாட்டில் சிறு குழந்தைகளின் இரத்த சோகை அப்போதும் நூற்றுக்கு 43 என்ற அளவில் நின்றுவிட்டது. எதை அளந்தார்களோ அது அசைந்தது. எதன்மீது கண் தாமதமாய் விழுந்ததோ அது தங்கிவிட்டது. இதுவும் நமக்குப் பாடமே.

*

நம் வாதத்திற்கு வலிமையான மறுப்பு ஒன்று உண்டு. அதை மறைத்தல் நேர்மையாகாது. அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரே அதைச் சொன்னார்: “வளர்ந்த கணக்கு கேட்டா யாரைக் கேப்பாங்க சார்? என்னைத்தான் கேப்பாங்க. தண்ணி என் கையிலயா இருக்கு? அவங்க அப்பா குடிக்கிறது என் கையிலயா இருக்கு? எடை குறைஞ்சா எனக்கு மெமோன்னா, நாளைக்குத் தராசு பொய் சொல்லும்!”

எத்துணை உண்மை! ஊதியம் என்றுகூடச் சொல்லாமல் மதிப்பூதியம் என்று பெயரிட்டுக் கொடுக்கும் சிறுதொகையைப் பெறும் ஒரு பெண்ணின் தலையில், ஐந்து துறைகளின் தோல்வியை இறக்கி வைப்பது நீதியா? தண்டிக்கும் தராசு, பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும். ஆகவே நெறி இதுதான்: பொறுப்பு, அதிகாரத்தோடும் பணப்பையோடும் மேலே ஏறவேண்டும். எடையை உண்மையாய் எழுதிய பணியாளருக்குப் பாராட்டு. அந்த எடை ஏறாததற்கு விளக்கம், ஐந்து துறைகளுக்கும் ஆணையிடும் அதிகாரமும் செலவிடும் உரிமையும் படைத்தவரிடம். மாவட்டத்திலே ஒருவர், மாநிலத்திலே ஒருவர்; பெயரோடு, முகத்தோடு. அதிகாரம் இல்லாதவனிடம் பொறுப்பைக் கேட்பது கொடுமை. அதிகாரம் உள்ளவனிடம் பொறுப்பைக் கேளாதிருப்பது அடிமைத்தனம்.

“எல்லாரும் பொறுப்பு” என்பது கேட்க இனிய சொல். எல்லாரும் பொறுப்பு என்றால், ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு என்று பொருள் கொள்ளவேண்டும். நாமோ, ஒவ்வொருவரும் ஐந்தில் ஒரு பொறுப்பு என்று வகுத்து, தம் பங்கைச் செலுத்திவிட்டு விடுதலை பெற்றுக்கொள்கிறோம். குழந்தையின் உயிரை ஐந்தாய் வகுக்க முடியுமானால், அந்தக் கணக்கும் சரியே!

இளைஞர்காள்! இதில் நமக்கென்ன வேலை என்று கேட்காதீர். ஊர்தோறும் ஆண்டில் சில நாள் கிராமசபை கூடுகிறது. அங்கே எழுந்து, “எத்தனை முட்டை கொடுத்தீர்?” என்று கேட்பதோடு அமையாமல், “நம் ஊரில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களுள் இவ்வாண்டு உரிய எடை ஏறாதவர் எத்தனை பேர்? அதைக் குறைக்க ஒவ்வொரு துறையும் எவ்வளவு பணம் செலவிட்டது? குறையாவிட்டால் விடை சொல்பவர் யார்?” என்று நான்கு கேள்வி கேளுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டமே சமூகத் தணிக்கைக்கு இடம் தருகிறது. பெருவிலே தாளை நீட்டியவர்கள் தேவர்கள் அல்லர், நம்மைப்போன்ற மக்களே.

நம்மிடமிருந்தே தொடங்கவேண்டும் என்பதால், நாம் செய்த குற்றத்தையும் சொல்லி முடிக்கிறோம். அந்தச் சிறுமி நம் வகுப்பில் மாதக்கணக்கில் தலை சாய்த்தபோது, நமக்கு ஒரு நினைவு இருந்தது: “நம் வேலை பாடம், உடம்பைப் பார்ப்பது மற்றவர் வேலை.” 1925ஆம் ஆண்டின் கணக்கு விதி, நூறாண்டு கழித்து நம் நெஞ்சுக்குள்ளேயே குடியிருந்தது! ஆங்கிலேய அதிகாரியைக் குறை சொல்லும் தகுதி நமக்கு ஏது?

தாயின் ஒருநாள் கூலியை ஆசிரியர்கள் நால்வர் பகிர்ந்துகொண்டோம். மருத்துவமனைக்கு உடன் சென்றோம். மருந்து தொடர்கிறது. இது தீர்வன்று, இதுவும் ஒருவகை ஈகைதான் என்பதை மறந்துவிடவில்லை. ஆனால், இப்போது வகுப்புச் சுவரில் ஓர் அளவுகோல் வரைந்திருக்கிறோம். மாதத்தின் முதல் நாள், நாற்பது பிள்ளைகளும் வரிசையாய் வந்து முதுகு நிமிர்த்தி நிற்கிறார்கள். தலைக்குமேல் கோடு விழுகிறது. பெயரும் நாளும் எழுதப்படுகின்றன. அந்தக் கோடுகளை எந்தத் துறையும் நம்மிடம் கேட்டதில்லை. எந்த அறிக்கையிலும் அவற்றுக்குத் தலைப்பு இல்லை.

சென்ற மாதம் அவள் கோடு, முந்திய கோட்டின்மீதே விழுந்தது. இந்த மாதமும் அங்கேயே. கிராமசபை கூடும் நாளில் அந்தக் கணக்கோடு எழுந்து நிற்கப்போகிறோம்.